ஆஸ்பத்திரியில் நமக்கு ஓர் ஆள்

1

கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. பட்டம் வாங்க இன்னும் ஒரே ஒரு பாக்கிதான் என்கிறார்கள். ஆஸ்பத்திரிப் பயிற்சியில் நான் எல்லை மீறியது ஏன், அதனால் யாருக்கு என்ன சங்கடம், மறுபடியும் அப்படி ஒரு சந்தர்ப்பம் வந்தால் எப்படி நடந்துகொள்வேன் என்று ஒரு சுயபரிசீலனைக் குறிப்பு எழுதித் தர வேண்டும். இரண்டு பக்கத்துக்குள், மரியாதையான ஆங்கிலத்தில், வெள்ளிக்கிழமைக்குள். எழுதினால் பட்டம். எழுதாவிட்டால் பயிற்சியை முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டும், அதற்கு அடுத்த வருடம்தான் இடம் கிடைக்கும்.

இன்றைக்கு வியாழன். நானும் தினமும் வேலை முடிந்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறேன். 'நான்' என்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள அந்த ஒற்றை எழுத்தைத் தட்டியதோடு நிற்கிறது. அங்கே வராதது தமிழிலாவது வருகிறதா என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். அவர்களுக்கு எழுத வேண்டியதை உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் மார்க் போட மாட்டீர்கள் என்ற தைரியம்தான்.

நான் இருப்பது கனடாவில், டொரோண்டோவுக்கு மேற்கே. சொந்த ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். நாற்பது வயதைத் தாண்டிவிட்டேன். பகலில் ஒரு மருத்துவமனைப் பதிவுக் கவுண்டரில் வேலை, மற்ற நேரத்தில் படிப்பு. சுகாதார நிர்வாகத்தில் இளநிலைப் பட்டம். நோயாளியைத் தொடாத ஆஸ்பத்திரிப் படிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போடத் தெரியாது, நாடி பார்க்கத் தெரியாது. எந்த வார்டில் கட்டில் காலி, யாரை எப்போது வீட்டுக்கு அனுப்பலாம், எந்த நோய்க்கு இன்ஷூரன்சில் என்ன குறியீடு, வரிசையை எப்படிச் சுருக்குவது, இதெல்லாம் தெரியும். இதே படிப்பை நான் இரண்டாவது தடவை படிக்கிறேன் என்பதுதான் வேடிக்கை.

2

எல்லாம் அம்மாவின் காலில் ஆரம்பித்தது.

நான் பிளஸ் டூ படித்த வருடம், சம்பா நடவு நேரம். அம்மாவுக்கு ஏற்கெனவே சர்க்கரை. கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்தது. "எப்படிம்மா இருக்கு?" என்று நான் கேட்டால், "பரவால்ல" என்பார். அப்பா கேட்டாலும் பரவால்ல, கூட நடவு நட்ட பெண்கள் கேட்டாலும் பரவால்ல. நடவு முடிந்து, களையெடுப்பும் முடிகிறவரைக்கும் அது பரவாயில்லாமலேயே இருந்தது. அதற்குள் விரல் கறுத்துப் பாதம் வீங்கிவிட்டது. நீடாமங்கலத்தில் பார்த்துவிட்டு மன்னார்குடிக்குப் போகச் சொன்னார்கள், மன்னார்குடியில் தஞ்சாவூர் என்றார்கள்.

தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காலையில் போய் உட்கார்ந்தவர்களைச் சாயங்காலம்தான் கூப்பிட்டார்கள். அப்பா தோளில் துண்டோடு ஒவ்வொரு ஜன்னலாகப் போய்ப் போய் வந்தார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தர் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக் கேட்டார்.

"உள்ள யாராச்சும் ஆள் தெரியுமாங்க?"

"தெரியாதுங்களே."

"ஆள் இல்லாம இங்க என்னங்க நடக்கும்?"

அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அன்றைக்குச் சீக்கிரம் கூப்பிட்டிருந்தால் கால் தப்பியிருக்குமா? தப்பியிருக்காது. அது நடவுக் காலத்திலிருந்தே புரையோடிய புண். இன்றைக்கு இது எனக்குத் தெரியும். ஆனால் அப்பா அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "உள்ள நமக்குன்னு ஒரு ஆள் இருந்திருந்தா இந்தக் கதி வந்திருக்காது." இன்றுவரை அதை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

டாக்டர் படிப்புக்கு மார்க் வரவில்லை. அப்பா தஞ்சாவூரில் யார் யாரையோ விசாரித்துவிட்டு வந்து சொன்னார். "ஆஸ்பத்திரி நிர்வாகம்னு ஒரு படிப்பு இருக்காம்மா. டாக்டரா இல்லாட்டி என்ன, உள்ளதானே இருப்பே?" நான் சேர்ந்தேன். எங்களுக்கும் வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். தொடாத படிப்புக்குக் கோட்டு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பஸ்ஸில் கண்டக்டர், "டாக்டரம்மாவுக்கு இடம் விடுங்கப்பா" என்று சத்தம் போடுவார். கேலியா மரியாதையா என்று தெரியாமலேயே மூன்று வருடம் உட்கார்ந்துகொண்டு போனேன்.

படித்து முடித்துக் கும்பகோணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி முன் கவுண்டரில் சேர்ந்தேன். அதுதான் என் பொற்காலம். எங்கள் பக்கத்திலிருந்து யார் வந்தாலும், "மாணிக்கம் மவ உள்ள இருக்குல்ல, அதைப் பாரு" என்று நேராக என்னிடம் வந்துவிடுவார்கள். நான் வரிசையை மீறி யாரையும் உள்ளே தள்ளவில்லை. எந்த அறை, எந்தச் சீட்டு, ஸ்கேன் என்றால் பயப்பட வேண்டாம், அவ்வளவுதான் சொல்வேன். கூடவே ஒரு கேள்வி கேட்பேன்: "சாப்டீங்களா?"

அது உபசாரத்துக்குக் கேட்பது இல்லை. வலிக்குதா என்று கேட்டால் எங்கள் பக்கத்து மனிதர்கள் வாய் கூசாமல் பரவால்ல என்பார்கள். அம்மாவிடம் நான் கண்டது அது. ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் அவர்களுக்குப் பொய் வராது. எப்போதிலிருந்து சாப்பிடவில்லை, என்ன சாப்பிட்டால் என்ன செய்கிறது என்று கொட்டிவிடுவார்கள். நோய் முழுக்க அதில் வந்துவிடும். நான் அதை நர்ஸிடம் போய்ச் சொல்வேன், நர்ஸ் டாக்டரிடம் சொல்வார்.

3

கல்யாணமாகி இங்கே வந்த பிறகு, என் தஞ்சாவூர்ப் பட்டத்தை ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். நம் படிப்பு இங்கே எவ்வளவு பெறும் என்று நிறுத்துச் சொல்வதற்கென்றே அவர்கள் இருக்கிறார்கள். மூன்று வருடத்தை இரண்டு வருடம் என்று எழுதினார்கள். மீதி ஒரு வருடம் எங்கே போயிற்று என்று கேட்டேன், பதில் இல்லை. அந்த இரண்டு வருடத்தையும் எந்தக் கல்லூரியும் எடுத்துக்கொள்ளவில்லை. கவுண்டரிலேயே பல வருடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மேலே போக வேண்டுமானால் பட்டம் வேண்டும் என்று ஆனதும் மறுபடி முதல் வருடத்தில் சேர்ந்தேன். வகுப்பில் இருந்த பிள்ளைகளில் பலருக்கு என் பெண் யாழினியைவிட ஒன்றிரண்டு வயதுதான் அதிகம்.

அங்கே முதலில் சொல்லிக்கொடுத்தது எல்லோருக்கும் ஒரே வரிசை என்பது. தெரிந்த ஆள் என்ற பேச்சுக்கே இடமில்லை, அது ஊழல். கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பா அந்த ஜன்னல்களுக்கு முன்னால் நின்றது ஞாபகம் வந்து, இதல்லவா நாடு என்று நினைத்தேன். கவுண்டரில் உட்கார்ந்து பார்க்கப் பார்க்கத்தான் மீதி புரிந்தது. வரிசை ஒன்றுதான். ஆனால் அந்த வரிசையின் பாஷை தெரிந்தவனுக்குத்தான் அது நகர்கிறது. 'எனக்கு வலி பத்துக்கு எட்டு' என்று சொல்லத் தெரிந்தவன் முன்னால் போகிறான். பரவால்லங்க என்கிறவர் நாற்காலியிலேயே இருக்கிறார்.

என் பக்கத்துக் கவுண்டரில் லாகூரிலிருந்து வந்த பெண் ஒருத்தி. நான் போனில் அம்மாவோடு பேசுவதைக் கேட்டுவிட்டு, "பர்வா என்கிறாயே, அது எங்கள் வார்த்தை ஆயிற்றே" என்றாள். பர்வா என்றால் அவர்களுக்கு அக்கறை, கவலை. அப்படியானால் பரவாயில்லை என்பதற்கு என்ன அர்த்தம் என்று கூட்டிப் பார்த்தேன். அக்கறை இல்லை. எங்கள் அம்மாக்கள் வாழ்நாள் முழுக்கத் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது இதுதான் போலிருக்கிறது. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்று இன்னும் தெரியவில்லை.

யாழினிக்குத் தெரிந்த தமிழ் ஒரு கைக்குள் அடங்கிவிடும். அதில் இந்த வார்த்தையும் ஒன்று. தோழி வீட்டுக்குப் போகட்டுமா என்பாள். எனக்குப் பிடிக்காது, ஆனால் அவள் ஏற்கெனவே செருப்பு மாட்டியிருப்பாள். "பரவால்ல, போ" என்பேன். அவளுக்கு அது முழுச் சம்மதம். துள்ளிக்கொண்டு போவாள். நம் வீட்டுப் பிள்ளையாக ஊரில் வளர்ந்திருந்தால், அந்த 'பரவால்ல'வின் இழுவையிலேயே செருப்பைக் கழற்றியிருப்பாள்.

4

கடைசி வருடப் பயிற்சிக்கு வேறொரு ஆஸ்பத்திரியில் போட்டார்கள். எனக்குக் கொடுத்த தலைப்பு டிஸ்சார்ஜ் தாமதம். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு நோயாளி கிளம்ப ஏன் நேரமாகிறது, அதை எப்படிக் குறைப்பது. கழுத்தில் மாணவி அட்டையோடு சுவரோரம் நின்று நேரம் குறிக்க வேண்டும். நோயாளியோடு பேசக் கூடாது. முதல் நாளே கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

அவசரப் பிரிவில் ஒரு கட்டிலில் நம் ஊர் அம்மா ஒருவர். சரோஜா என்று வைத்துக்கொள்வோம், பெயரை மாற்றியிருக்கிறேன். அந்த ஒழுக்கத்தையாவது படிப்பு கொடுத்திருக்கிறது. வலங்கைமான் பக்கம். மருமகளுக்குப் பிரசவம் பார்க்க வந்தவர். வயிற்றுவலி என்று மகன் கூட்டி வந்திருந்தார். டாக்டர் ஒரு தடவை பார்த்து வாயு என்று மாத்திரை கொடுத்திருந்தார். மகன் இன்ஷூரன்ஸ் விஷயமாக வெளியே போயிருந்த நேரம், நர்ஸ் போனில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார். டிஸ்சார்ஜுக்கு முன்னால் கேட்கும் கடைசிக் கேள்வி.

போனில் வந்தது யாழ்ப்பாணத்துப் பெண். அவர் தமிழ் என் தமிழைவிடச் சுத்தமான தமிழ், குறை சொல்ல மாட்டேன். "அம்மா, உங்களுக்கு இப்ப நோ இருக்குதோ?" என்று கேட்டார்.

நோ என்றால் அவர்களுக்கு வலி. சரோஜா அம்மாவுக்கு, இங்கே வந்து கற்றுக்கொண்ட இங்கிலீஷில், நோ என்றால் இல்லை. இல்லை இருக்கிறதா என்று ஒரு குரல் கேட்டால் மனுஷி என்ன சொல்வார்? என்னையும் நர்ஸையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பூச்சியத்திலயிருந்து பத்து வரைக்கும் சொன்னா, எத்தினை அம்மா?"

"நேத்திக்கு இன்னிக்குப் பரவால்லங்க."

போன் ஆங்கிலத்தில் சொன்னது: "இன்றைக்கு நன்றாக இருக்கிறேன் என்கிறார்." நர்ஸ் சைபர் போட்டார்.

தப்பு யார் மேலும் இல்லை. அந்தப் பெண் கேட்டதைச் சொன்னார், நர்ஸ் சொன்னதை எழுதினார். நேற்றோடு பார்த்தால் இன்றைக்குத் தேவலாம் என்பதற்கும் நன்றாக இருக்கிறேன் என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அந்த அறையில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அவர் கை விலாவுக்குக் கீழே அழுந்தியபடியே இருந்தது. மேலுதட்டில் வியர்வை. கிளம்பலாம் என்று சொன்னதும் எழுந்து, செருப்பைத் தேடிக் குனிய முடியாமல் காலால் துழாவினார். எனக்கு எங்கள் அம்மா வரப்பில் கால் வைத்த விதம் ஞாபகம் வந்தது.

நான் சுவரை விட்டு வந்துவிட்டேன்.

"அம்மா, சாப்டீங்களா?"

அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "நம்ம பக்கமாம்மா நீ?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கம்மா சாப்பிடறது? தண்ணி குடிச்சாக்கூட உள்ள நிக்க மாட்டேங்குது. ஊர்ல இருக்கும்போதே அப்பப்ப வரும். எண்ணெ பலகாரம் தின்னா முதுகு வரைக்கும் இழுத்துப் புடிச்சுக்கும். இப்ப ஒரேயடியா புடிச்சுக்கிச்சு. மவன் பச்சக் குழந்தைய வெச்சுக்கிட்டு அல்லாடுறான், அவன்கிட்ட எப்படிச் சொல்றது?"

நான் அத்தனையையும் நர்ஸிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு வார்த்தை விடவில்லை. அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது. டாக்டர் திரும்ப வந்தார், ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பை சீழ் பிடித்திருந்தது. அன்றைக்கே ஆபரேஷன். நான் நேரம் குறித்த தாளில் அந்தக் கட்டிலுக்கு எதிரே டிஸ்சார்ஜ் இல்லை என்று எழுதினேன். நோயாளியைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்ப வழி கண்டுபிடிக்கப் போனவள், ஒரு நோயாளியை இருக்க வைத்துவிட்டேன்.

5

இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். விசிட்டர் இன்ஷூரன்ஸில் ஏற்கெனவே இருந்த நோய் சேராது. ஊரில் இருக்கும்போதே வரும் என்று நோயாளியே சொன்னதாகக் குறிப்பில் இருக்கிறது. அந்த ஒரு வாக்கியம் போதும், ஆபரேஷன் செலவு முழுக்க மகன் தலையில் விழ. அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொன்னவள் நான்.

மகன் என்னை லிஃப்ட் பக்கத்தில் பிடித்தார். படித்தவர், பேச்சு தணிவாகத்தான் இருந்தது.

"நீங்க டாக்டரா?"

"இல்லைங்க."

"நர்ஸா?"

"இல்லைங்க, நிர்வாகம் படிக்கிறேன்."

"அப்ப உங்களுக்கு நல்லாத் தெரியும். ஊர்லேயே இருந்துச்சுன்னு சொன்னா என்ன ஆகும்னு தெரியும்ல? சாப்பிடல, வலிக்குதுன்னு மட்டும் சொல்லியிருக்கலாம்ல? நம்ம ஊருன்னு சொல்லிக்கிட்டு இப்படிப் பண்ணிட்டீங்களே."

அவர் சொன்னது சரி. அந்தக் குறியீட்டையும் அந்த விதியையும் பாடமாகப் படித்துப் பரீட்சையில் எழுதியவள் நான். கும்பகோணத்துக் கவுண்டரில் நான் உட்கார்ந்திருந்தால் அந்த ஒரு வாக்கியத்தை விழுங்கியிருப்பேன். ஆள் என்றால் அதற்குத்தான் ஆள்.

அவர் புகார் கொடுத்தார். அனுமதியில்லாத ஒருத்தர் அவர் அம்மாவோடு மற்றவர்களுக்குப் புரியாத பாஷையில் பேசி விவரம் வாங்கினார் என்று. பாஷை புரியாதது அவருக்கா? ஆஸ்பத்திரி அதை அப்படியே கல்லூரிக்கு அனுப்பியது. கல்லூரியின் கணக்கில், நான் சுவரோரம் நிற்காமல் ஓர் ஆளாகிவிட்டது குற்றம். மகனின் கணக்கில், ஆளாகப் போனவள் கடைசிவரைக்கும் ஆளாக இல்லாதது குற்றம். இரண்டு பட்டம் படித்து இரண்டு பக்கமும் தோற்றவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சரோஜா அம்மாவை அதற்குப் பிறகு ஒரு தடவை தாழ்வாரத்தில் பார்த்தேன். சக்கர நாற்காலியில் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது. ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று நின்றேன். நின்றிருக்கக் கூடாது.

"நீ நல்லதுக்குத்தான் கேட்டேம்மா, இல்லேங்கல. ஆனா நாந்தான் பரவால்லன்னு சொன்னேன்ல. அதோட விட்டிருக்கலாம்லம்மா. என் புள்ள மொகத்த என்னால பாக்க முடியல."

உயிரோடு இருக்கிறாரே, அது போதாதா என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். சொல்லிக்கொள்ளச் சொல்லிக்கொள்ள அந்த அம்மா மேல் கோபம் வருகிறது, மகன் மேல் வருகிறது, தஞ்சாவூரில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து ஆள் தெரியுமா என்று அப்பாவைக் கேட்ட மனிதர் மேல்கூட வருகிறது.

6

இதுவரைக்கும் நோட்டில் எழுதி நிறுத்தியபோது யாழினி வந்து எட்டிப் பார்த்தாள். திரையில் அந்த ஒற்றை எழுத்து நின்றுகொண்டிருந்தது. நான் சாப்பாட்டுத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னும் எழுதலையா? அம்மா, இது ஜஸ்ட் ஒரு ஸாரி லெட்டர்."

"நான் தப்புப் பண்ணலடி."

"தெரியும். ஆனா அவங்களுக்கு அது வேணும். நான் எழுதறேன், தள்ளு."

அவளுக்கு ஆங்கிலம் தண்ணீராக வரும். தட்டிக்கொண்டே போனாள். முடித்து வாசித்துக் காட்டினாள். அந்தச் சம்பவத்திலிருந்து நான் நிறையக் கற்றுக்கொண்டதாக இருந்தது. ஒரே மொழி பேசுகிறேன் என்ற உரிமையை நானாக எடுத்துக்கொண்டது என் அனுபவக் குறைவு என்றும், பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரின் வேலையை மதித்திருக்க வேண்டும் என்றும் இருந்தது. மறுபடி அப்படி ஒரு சந்தர்ப்பம் வந்தால் என் இடத்திலேயே நிற்பேன் என்று முடித்திருந்தாள். என் இடம் என்பதற்கு அவள் போட்ட ஆங்கில வார்த்தை அழகாகக்கூட இருந்தது. அதில் சரோஜா அம்மா இல்லை, எங்கள் அம்மாவின் கால் இல்லை, கும்பகோணம் இல்லை. அது யாரோ ஒரு நல்ல பெண் எழுதியது. அந்தப் பெண்ணுக்கு நானே பட்டம் கொடுத்துவிடுவேன்.

வேண்டாம் என்று சொல்லலாம் என்று வாயெடுத்தேன். சொன்னால் இன்னும் ஒரு வருடம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அப்பா, "பட்டம் வாங்கிட்டியாம்மா? இப்ப அங்க நீதானே ஆளு?" என்று கேட்பார். பின்னால் கட்டிலிலிருந்து அம்மா குரல் வரும். எப்படி இருக்கே என்று நான் கேட்பேன், அவர் என்ன சொல்வார் என்று உங்களுக்குத் தெரியும்.

"ஓகேவாம்மா? அனுப்பட்டுமா?"

யாழினி என் முகத்தைப் பார்த்தாள். நன்றாகத்தான் பார்த்தாள். என்னை அப்போது எங்கள் ஊரில் யார் பார்த்திருந்தாலும் அந்தக் கையை அந்தப் பொத்தானிலிருந்து எடுத்திருப்பார்கள்.

"பரவால்ல," என்றேன்.

அவள் உடனே அழுத்திவிட்டாள். "டன்! கங்கிராட்ஸ்மா!" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முத்தம் கொடுத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். தட்டில் போட்ட சோறு போட்டபடி இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.